திருகு மாறினால் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றதும் பெரிய தொழிற்கூடத்தை நினைக்க வேண்டாம். சேலத்துக் கொலுசு ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. கம்பி இழுப்பது ஒரு வீடு, கண்ணி கோப்பது ஒரு வீடு, சலங்கை ஒரு வீடு, திருகு ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது வேறோர் இடம். காலையில் உருக்கிய வெள்ளி சாயங்காலத்துக்குள் நாலு தெரு சுற்றி வந்துவிடும்.

ஒரு தடவை அவரிடம் நூறு ஜோடி திரும்பி வந்தது. திருகு பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. விசாரித்தால், திருகு செய்கிற வீட்டில் புது அச்சு வாங்கியிருக்கிறார்கள். மரை முன்பைவிட நெருக்கம்; சீக்கிரம் தேயாது, நல்ல சரக்குதான். ஆனால் அதே டப்பாவில், அதே சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். கண்ணி வீட்டுக்காரருக்கும் தெரியாது, பற்றவைத்தவருக்கும் தெரியாது.

“நல்லதாத்தானுங்க தம்பி பண்ணிருக்காங்க, அதான் திட்டவும் முடியல” என்றார் அண்ணன்.

அந்தப் பட்டறைக் கணக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான். அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அப்டேட் போடும்போது ஏன் சில நாள் “இதை இப்போது நிறுவ முடியாது” என்று அடம்பிடிக்கிறது என்று அவர் கேட்டபோது, பதில் சொல்ல எனக்கு அந்த நூறு ஜோடியே போதுமாக இருந்தது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று நாம் சொல்கிற லினக்ஸ் வழங்கல்கள் ஒரே நிறுவனத்தில் எழுதப்பட்ட மென்பொருள் அல்ல. உலகம் முழுக்க வெவ்வேறு கைகள் எழுதியதைச் சேகரித்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி கட்டிக் கொடுக்கிற வேலைதான் அங்கே நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13-இல் 69,830 பொதிகள் இருக்கின்றன. பொதி என்றால் பேக்கேஜ்: நிறுவத் தயாராகக் கட்டிவைத்த ஒரு மென்பொருள் மூட்டை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பராமரிப்பாளரோ ஒரு சிறு குழுவோ உண்டு. டெபியனில் பெரும்பாலும் தன்னார்வலர்கள். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. திருகு வீடும் கண்ணி வீடும் போலத்தான்.

இந்த மூட்டைகளில் பெரும்பாலானவை தனியாக நிற்காது. பாதுகாப்பாக இணையத்தில் பேச வேண்டிய ஒவ்வொரு நிரலும் அதற்கான மறையாக்கத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தால் விளங்காது. அதற்கென்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொது லைப்ரரி இருக்கிறது. நூற்றுக்கணக்கான நிரல்கள் அந்த ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தால் ஒரே இடத்தில் அடைத்தால் போதும். பகிர்வதன் லாபம் இது. நஷ்டமும் அதே இடத்தில்தான்: அந்த ஒன்று மாறினால் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தலைவலி.

எந்த மாற்றம் தலைவலி, எந்த மாற்றம் இல்லை என்பதுதான் முதல் கேள்வி. லைப்ரரிக்கும் நிரலுக்கும் நடுவே இரண்டு விதமான ஒப்பந்தம் உண்டு. ஒன்று, நிரலை எழுதுகிறவர் பார்ப்பது: எந்தச் செயற்கூற்றை (ஃபங்ஷனை) எந்தப் பெயரில் கூப்பிடலாம் என்பது. இன்னொன்று, கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, முடித்த இருமக் கோப்பு நம்பியிருப்பது: எந்த விவரம் நினைவகத்தில் எத்தனையாவது பைட்டில் இருக்கும் என்பது. ஆங்கிலத்தில் முதலாவது API, இரண்டாவது ABI; நடு எழுத்து மட்டும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே “ஏபிஐ” என்று வந்து நிற்கும்; தமிழில் இதைப் பேச உட்கார்ந்தால் முதல் சண்டையே அங்கேதான். அதனால் நான் முதலாவதை எழுத்துப் பொருத்தம், இரண்டாவதை இருமப் பொருத்தம் என்று சொல்கிறேன். விநியோகத்தில் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். திருகு என்ற பெயரும் அளவும் அப்படியே இருக்க, மரை மட்டும் மாறுகிற கதை அது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு லைப்ரரி ரசீது விவரத்தை இரண்டு கட்டங்களாகத் தருகிறது என்று வையுங்கள்: முதல் 4 பைட் நேரம், அடுத்த 4 பைட் தொகை. நிரல் கம்பைல் ஆகும்போது “தொகை என்பது நாலாவது பைட்டில் தொடங்கும்” என்பது (கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும்) எண்ணாகவே உள்ளே பதிந்துவிடும். பிற்பாடு லைப்ரரிக்காரர் நேரத்தை 8 பைட்டாக்குகிறார். தொகை எட்டாவது பைட்டுக்குத் தள்ளிப்போகிறது. நிரலின் மூல எழுத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. திரும்பக் கம்பைல் செய்தால் சரியாகிவிடும். ஆனால் பழைய இருமக் கோப்பு இன்னும் நாலாவது பைட்டையே படிக்கும். அங்கே இருப்பது நேரத்தின் மேல்பாதி. நம் காலத்துத் தேதிகளுக்கு அந்த மேல்பாதி வெறும் பூஜ்யம். ஆக, எல்லா ரசீதிலும் தொகை 0. பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது. கணக்கு மட்டும் பொய்யாகும். நின்றுபோகிற திருகாவது கையில் தெரிகிறது, இது தெரியாது.

இதற்குத்தான் சீட்டு. லினக்ஸில் பகிர்வு லைப்ரரி ஒவ்வொன்றுக்குள்ளும் சோநேம் என்றொரு பெயர் எழுதியிருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் பழைய தலைமுறையில் அது “லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1”, புதியதில் “லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3”. நிரல் கம்பைல் ஆகும்போது இந்தப் பெயரை அப்படியே தன்னுள் குறித்துக்கொள்ளும். ஓடத் தொடங்கும்போது அதே பெயரைத்தான் தேடும். இருமப் பொருத்தம் உடைந்தால் சோநேமை மாற்ற வேண்டும் என்பது தொழில் தர்மம். டெபியன் அந்த எண்ணைப் பொதியின் பெயரிலேயே சேர்த்துவிடுகிறது: லிப்எஸ்எஸ்எல்1.1 ஒரு பொதி, லிப்எஸ்எஸ்எல்3 வேறொரு பொதி. பெயர் வேறு என்பதால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பழைய டப்பாவுக்குப் பழைய சீட்டு, புதியதற்குப் புதுச் சீட்டு.

அப்படியானால் இரண்டையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு காரணங்களால் முடியாது. ஒன்று, பழையதற்கும் பாதுகாப்புத் திருத்தம் யாராவது செய்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. உங்கள் நிரல் ஒரு தரவுத்தள லைப்ரரியைப் பயன்படுத்துகிறது, நேரடியாக ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் பயன்படுத்துகிறது. தரவுத்தள லைப்ரரியைப் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டிவிட்டார்கள், அதாவது கம்பைல் செய்துவிட்டார்கள்; உங்கள் நிரல் இன்னும் பழையதோடு. இப்போது ஒரே நிரலின் நினைவகத்துக்குள் இரண்டு தலைமுறையும் ஏறி உட்காரும். பல செயற்கூறுகளுக்கு இரண்டிலும் ஒரே பெயர். ஒன்றில் திறந்ததை மற்றொன்றில் மூடப்போனால் நிரல் விழும். சில லைப்ரரிகள் செயற்கூற்றுப் பெயர்களுக்கே பதிப்பு ஒட்டித் தப்பித்துவிடும், எல்லாமும் அப்படியில்லை. ஆகவே எல்லோரும் ஒருசேரப் பழையதிலிருந்து புதியதுக்கு நடந்துபோக வேண்டும். டெபியனில் இந்த நடைக்குப் பெயர் டிரான்சிஷன். பெயர்ச்சி என்று சொல்லலாம். குருப்பெயர்ச்சி போல இதற்கும் முன்கூட்டியே நாள் குறிக்கிறார்கள்.

பெயர்ச்சி நடக்கும் முறையைப் பார்த்தால் இதில் நிரலாக்கத்தைவிட ஊர்க் காரியம்தான் அதிகம் என்பது புரியும்.

டெபியனில் பொதிகள் வசிக்கும் இடங்கள் அடுக்கடுக்காக உண்டு. எக்ஸ்பெரிமென்டல் என்பது சோதனைக் கொட்டகை. அன்ஸ்டேபிள், சித் என்றும் சொல்வார்கள், அன்றாட வேலை நடக்கும் இடம். அதில் தேறியவை டெஸ்டிங்குக்குப் போகும். டெஸ்டிங் பழுத்தால் ஸ்டேபிள். நம் பட்டறைக் கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு அதுதான்.

புதிய சோநேமோடு வரும் லைப்ரரியைப் பராமரிப்பாளர் நேரே அன்ஸ்டேபிளில் போடுவது மரியாதை இல்லை. முதலில் எக்ஸ்பெரிமென்டலில் போடுவார். பொதியின் பெயரே புதிது என்பதால், புதிய பெயர்களைச் சரிபார்க்கும் வரிசையில் அது காத்திருந்து, மனிதக் கண் பட்ட பிறகே உள்ளே வரும். வந்ததும், இந்த லைப்ரரியை நம்பியிருக்கும் பொதிகளை எல்லாம் பட்டியல் போட்டு, புதியதோடு ஒவ்வொன்றையும் கட்டிப் பார்ப்பார். சில கட்டப்படும். சில கட்டப்படாது: லைப்ரரி ஏதோ ஒரு பழைய செயற்கூற்றைத் தூக்கியிருக்கும், அல்லது எச்சரிக்கையாக இருந்தது பிழையாகியிருக்கும். கட்டப்படாதவற்றின் பராமரிப்பாளர்களுக்கெல்லாம் “புதியது வருகிறது, உங்கள் வீட்டில் இந்த இடத்தில் இடிக்கும், முடிந்தால் இதோ திருத்தம்” என்று பிழையறிக்கை போகும். திருகு வீட்டுக்காரர் புது அச்சை வேலையில் வைக்கும் முன் பத்து திருகைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணி வீடு, பற்றவைக்கும் வீடு என்று ஏறி இறங்குவதற்குச் சமம். அண்ணனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. “இதைத்தான் அவங்க செஞ்சிருக்கணும்” என்று மூன்று தடவை சொன்னார்.

அடுத்தது நாள் குறிப்பது. வெளியீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்களிடம் “நான் தயார், எப்போது தொடங்கலாம்” என்று கேட்க வேண்டும். ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு ஏற்காடு மலைப்பாதை நல்ல உதாரணம். 20 கொண்டை ஊசி வளைவு. நேர்ப்பாதையில் இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போய்விடலாம். வளைவில் இரண்டும் சந்தித்தால் இரண்டும் நிற்கும், பின்னால் வருகிற கார், பைக் எல்லாம் நிற்கும். அதனால் கீழே இறங்குகிறவர் ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நிறுத்தி, ஏறுகிறவருக்கு வழிவிடுவார். அதேபோல, ஒரு லைப்ரரியின் பெயர்ச்சியும் இன்னொன்றின் பெயர்ச்சியும் ஒரே பொதியைத் தொட்டால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்: முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது முடியும், இரண்டாவது முடிந்தால்தான் முதலாவது முடியும். வெளியீட்டுக் குழுவின் வேலை பெரும்பகுதி இந்த வளைவுகளில் நிற்பதுதான்.

பச்சைக்கொடி கிடைத்ததும் லைப்ரரி அன்ஸ்டேபிளுக்கு ஏறும். பிறகு அதை நம்பும் எல்லாப் பொதிகளையும், மூல நிரல் மாறாமல், திரும்பக் கட்ட உத்தரவு போகும். கட்டும் இயந்திரங்கள் வரிசையாக எடுத்துக் கட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது பொதியின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் “+பி1” என்று ஒரு வால் பார்த்திருந்தால், அது இப்படித் திரும்பக் கட்டியதற்கான தழும்பு. அதற்குள் புதிதாக எதுவும் இல்லை, மரை மட்டும் புது மரை. வரிசையும் முக்கியம்: லைப்ரரியை நம்பும் லைப்ரரிகள் முதலில், அவற்றை நம்பும் நிரல்கள் அடுத்தது. வரிசை தவறினால் முன்பு சொன்ன இரண்டு தலைமுறைக் கலப்பு உங்கள் கையாலேயே உருவாகிவிடும். எது முடிந்தது, எது பாக்கி என்பதைப் பச்சை, சிவப்பாகக் காட்டும் பக்கம் ஒன்று எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது.

அன்ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்கு எது போகலாம் என்று தீர்மானிப்பது ஒரு நிரல். பெயர் பிரிட்னி, ஆமாம், அந்தப் பாடகியின் பெயர்தான். அது பார்ப்பது எளிய விஷயம்: இந்தப் பொதி உள்ளே வந்தால் டெஸ்டிங்கில் இப்போது நிறுவ முடிகிற ஏதாவது நிறுவ முடியாமல் போகுமா? போகும் என்றால் கதவு மூடியிருக்கும். சாதாரணப் பொதி வழக்கமாக 5 நாள் காத்திருந்தால் போதும். பெயர்ச்சியில் இருப்பவை பெரும்பாலும் கும்பலாகத்தான் உள்ளே போக முடியும். பழைய பெயரில் உள்ள லைப்ரரியைக் கொஞ்ச நாள் கூடவே தங்கவிட்டுச் சுமையைக் குறைப்பதும் உண்டு. ஆனாலும் எங்கோ ஒரு மூலையில், பத்து பேர்கூடப் பயன்படுத்தாத ஒரு பொதி கட்டப்படாமல் கிடந்தால், முழுக் கும்பலும் வாசலில் நிற்கும். அப்போது யாராவது வேறொருவர் வந்து திருத்திக் கொடுப்பார். இல்லையென்றால் அந்தப் பொதியை டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்கள் போவார்கள். கசப்பான முடிவுதான், ஆனால் ஊர் நிற்க முடியாதே.

சோநேம் மாறாமலேயே உடையும் சமயமும் உண்டு. லைப்ரரி தன் ஒப்பந்தப்படிதான் நடக்கிறது, நிரல்தான் ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை நம்பியிருந்தது என்ற ரகம். 2010-இல் வந்த ஃபெடோரா 14-இல் அடிப்படை சி மொழி லைப்ரரியின் நினைவக நகலெடுக்கும் செயற்கூறு வேகமாக்கப்பட்டது. ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆதியிலிருந்தே விதி. அப்போது பிரௌசரில் வீடியோ ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயர் அப்படிப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. வீடியோக்களில் சத்தம் கரகரத்தது. யார் மேல் தவறு என்று லினக்ஸ் உலகமே பிரிந்து நின்றது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்பட. பின்னர் அந்த லைப்ரரியின் 2.14 பதிப்பில் அந்தச் செயற்கூற்றுக்குப் புதுப் பதிப்புச் சீட்டு ஒட்டி, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையையே கொடுத்துவிட்டார்கள். விதிப்படி அவசியமில்லாத பெருந்தன்மை. என் கட்சி அதுதான்.

சிறிய அளவில் இப்படி நடந்தால் டெபியன் பொதிகளில் ஒரு வரி போதும். புதிய லைப்ரரியின் குறிப்பில் “ரசீது நிரல் 1.8-க்குக் கீழே இருந்தால் நான் அதை உடைப்பேன்” என்று எழுதிவிடலாம், பிரேக்ஸ் என்பது அந்தத் தலைப்பு. பிறகு பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் இரண்டையும் சேர்த்தே ஏற்றும், அல்லது இரண்டையும் தொடாது. குற்றம் யாருடையது என்று இந்த வரி சொல்வதில்லை. இன்னாரோடு இன்னார் சேர்ந்து இருக்க முடியாது என்பது மட்டும்.

நான் பார்த்ததில் பெரிய பெயர்ச்சி 2024-இல் நடந்தது. மேலே சொன்ன ரசீது உதாரணம் கற்பனை. ஆனால் நேரம் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாவது நிஜம். 32 பிட் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன. அந்த எண்ணிக்கை நிரம்புவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடி காலண்டர் 1901 டிசம்பருக்குப் போய்விடும். கிழமை பார்த்தேன், செவ்வாய். “செவ்வாய்ப்பேட்டைக்கு செவ்வாக்கிழமையிலயா கேடு” என்று சிரித்தார் அண்ணன்.

இதில் ஒரு லைப்ரரி மட்டும் மாறினால் பரவாயில்லை. நேரத்தைத் தொடும் எல்லா லைப்ரரிகளின் இருமப் பொருத்தமும் ஒரே சமயத்தில் உடைகிறது. ஆனால் லைப்ரரியின் பதிப்பு மாறவில்லை, அதனால் சோநேம் மாறாது. மாறியது கட்டும் விதம். எனவே டெபியன் பொதிப் பெயர்களுக்கு ஒரு வால் ஒட்டியது: லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. நம் மேசைகளில் இருக்கும் 64 பிட் கணினிகளில் நேரம் முன்பே 8 பைட்தான். ஆனாலும் எல்லா வகைக் கணினிகளுக்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் அங்கேயும் வால் வந்தது. கூடவே “பழைய பெயரில் கேட்டாலும் நான்தான்” என்று ஒரு வரியும். பழைய 32 பிட் இன்டெல் வகையை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். அதற்கான ஒரே உபயோகம் பழைய நிரல்களை ஓட்டுவதுதான். அதையும் உடைத்துவிட்டால் வைத்திருப்பதற்கே அர்த்தமில்லை.

நூற்றுக்கணக்கான லைப்ரரிகள், அவற்றை நம்பும் ஆயிரக்கணக்கான பொதிகள் எல்லாம் இப்படி நடுவழியில் இருந்தபோதுதான், 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தச் சமயத்தில் கட்டியவற்றை நம்பலாமா என்ற கேள்வி வந்தது. உபுண்டு தன் 24.04-க்காக அந்தக் காலத்தில் கட்டியதை எல்லாம் மறுபடி கட்டியது; முன்னோட்டப் பதிப்பு ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 11-க்குப் போனது.

இனி அண்ணனின் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். உபுண்டு 22.04-க்கு ஏற்றிய அன்று அவருடைய பில்லிங் மென்பொருள் நிறுவ மறுத்தது. “லிப்எஸ்எஸ்எல்1.1 தேவை, ஆனால் அது கிடைக்காது” என்று ஒரே வரி. உபுண்டு முழுக்க ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்குப் பெயர்ந்துவிட்டது. பில்லிங் மென்பொருள் உபுண்டுவின் களஞ்சியத்தில் இல்லாத வெளிச் சரக்கு, அதைத் திரும்பக் கட்டச் சொல்ல யாரும் இல்லை. பெயர்ச்சி ஊருக்குள் இருப்பவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போகும். இணையத்தில் பலர் சொன்ன வழி, பழைய உபுண்டுவிலிருந்து லிப்எஸ்எஸ்எல்1.1-ஐ மட்டும் இறக்கிப் போடுவது. பெயர் வேறு என்பதால் அது வேலையும் செய்யும். நானும் அன்று மாலை அதைத்தான் செய்தேன். பில் போடாமல் கடையைத் திறக்க முடியாது. ஆனால் அந்தப் பொதிக்கு இனி எந்தத் திருத்தமும் தானாக வந்து சேராது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான ஆதரவை அதை எழுதியவர்களே 2023 செப்டம்பர் 11-உடன் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்பே விற்பனையாளரைத் துரத்தி, புதியதோடு கட்டிய பதிப்பை வாங்கிப் போட்டுவிட்டு, பழையதைக் கையோடு நீக்கினேன்.

நீங்கள் வீட்டில் டெஸ்டிங்கோ அன்ஸ்டேபிளோ ஓட்டினால் ஒரு பழக்கம் உதவும். அப்டேட் போடும்போது ஆப்ட் முதலில் ஒரு பட்டியல் காட்டும். எதையெல்லாம் ஏற்றப்போகிறேன் என்பதை விடுங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்ற பத்தியை முதலில் படியுங்கள். அதில் ஒரு பழைய லைப்ரரி இருந்து, வால் மாறிய புதியது புதிதாக நிறுவும் பத்தியில் இருந்தால் சரி, பெயர்ச்சி முடிந்த வீடு. உங்கள் டெஸ்க்டாப்பையே நீக்கப்போகிறேன் என்று முப்பது பெயர் வரிசையாக நின்றால், பெயர்ச்சி பாதியில் இருக்கிறது. வேண்டாம் என்பதற்கான ஆங்கில ‘என்’ எழுத்தை அழுத்திவிட்டு, கீழே போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் யாராவது அந்த மூலைப் பொதியைக் கட்டியிருப்பார்கள்.